ஒளிப்படத்தைச் செப்பனிடுதல்

முன்னோரின் படங்களைக் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டி வைப்பது நம் நாட்டு இல்லங்களில் நெடுநாளாக நிலவிவரும் வழக்கம். நேரிற் கண்டறியாத பாட்டனாரின் மீசையையும், பாட்டியாரின் காதில் ஆடிய பாம்படத்தையும் பேரன் பேர்த்தியர் அறிவது அப்படங்களாலேயே. அவற்றைப் 'புகைப்படம்' என்று பலர் வழங்குகின்றனர். புகைக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒளியே அவற்றை வரைகின்றது. ஆதலின் 'ஒளிப்படம்' என்னும் சொல்லையே இப்பாடத்தில் ஆள்வோம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தாளின்மேல் ஜெலட்டின் என்னும் மெல்லிய பசைப்படலம் பூசப்பட்டிருக்கும். விலங்குகளின் எலும்பினின்றும் தோலினின்றும் எடுக்கப்படுவது அப்பசை. அதனுள்ளே கண்ணுக்குத் தனித்தனியே புலனாகாத வெள்ளித் துகள்கள் பதிந்து கிடக்கின்றன. துகள் செறிந்த இடம் கருமையாகவும், அருகிய இடம் வெண்மையாகவும் தோன்றும். பாட்டியாரின் கூந்தல் என நாம் காண்பது உண்மையில் வெள்ளிப்பொடியின் செறிவேயாகும். வண்ணப் படத்திலோ வெள்ளி இல்லை. மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலப்பச்சை ஆகிய மூன்று சாயங்கள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. பெட்டிக்குள் பூட்டி வைத்த பழைய வண்ணப் படங்கள் செம்மை படர்ந்து கிடப்பதைப் பலர் கண்டிருக்கலாம். ஒளி படாமல் இருட்டில் வைத்தபோதும் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டினும் முந்தி மங்கிவிடுவதே அதற்குக் காரணம்.

ஓலைச்சுவடிக்குச் செல் பகையானாற்போல ஒளிப்படத்துக்கு ஈரம் பகை. தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் உப்பு விளைவதற்கு ஏற்ற வெயில் உண்டு. ஆயினும் கடற்காற்றின் ஈரம் வீட்டை விட்டு நீங்குவதில்லை. அவ்வீரத்தில் ஜெலட்டின் இளகும். இளகிய இடத்தில் பூசணம் பற்றும். இது மெல்ல நிகழும் கேடு. ஒரே இரவில் நிகழும் கேடும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டிற்று. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. திருவைகுண்டத்தில் ரயில்வண்டி ஒன்று பயணிகளுடன் நின்றுவிட்டது. தூத்துக்குடி நகரத் தெருக்களில் வெள்ளம் பல நாள் தேங்கிக் கிடந்தது. பாழான பயிருக்கும், கரைந்த உப்புக்கும், இறந்த ஆடுமாடுகளுக்கும் கணக்கு உண்டு. நனைந்து போன திருமணப் படங்களுக்குக் கணக்கு எடுப்பார் யார்?

நனைந்த படங்களைக் கண்டதும் பதறி ஒன்றினின்று ஒன்றைப் பிய்த்து எடுப்பது பெரும்பாலோர் செய்யும் செயல். அவ்வாறு பிய்த்தால் ஒரு படத்தின் முகம் மற்றொரு படத்தின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். தூய குளிர்ந்த நீரில் அவற்றைச் சிறிது நேரம் ஊறவிட்டால் பசை இளகித் தாமே பிரியும். பிரிந்தவற்றைத் துணியால் துடைத்தல் கூடாது. படம் மேல்நோக்கி இருக்குமாறு பரப்பி நிழலில் உலர்த்துதல் வேண்டும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டி உலர்ந்துவிட்ட படத்தை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியின் வழியாகவே நகல் எடுப்பது நன்று. இவ்வளவும் செய்தபின் எஞ்சும் கறைகளையும் கீறல்களையும் நீக்குவதே செப்பனிடுதல் எனப்படும்.

அக்கலை கணினியோடு பிறந்ததன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக விளங்கிய கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் 1858-ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கிய பெருமை அவருக்கு உண்டு. அந்நாளில் ஒளியும் நிழலும் மாறித் தோன்றும் எதிர்ப்படம் ஒன்றைத் தாளில் முதலில் எடுத்து, அதனின்றே படம் அச்சிடுவர். நெகட்டிவ் என்று மக்கள் கூறுவது அதுவே. அத்தாள் நீல ஒளிக்கு மிகுதியாகவும், பச்சை ஒளிக்குக் குறைவாகவும் இணங்கும் இயல்பினது. ஆதலால் நீலவானம் வெறும் வெள்ளையாகவும், பச்சை மரங்கள் கரிய திட்டுகளாகவும் முடிந்தன. இக்குறையைப் போக்க டிரைப் எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி, வானில் மேகங்களை அமைத்தார், இலைகளைத் தெளிவாக்கினார். மதுரையின் மேல் அன்று மேகம் இருந்ததோ, இல்லையோ! இருந்திருப்பினும் அவர் தீட்டிய மேகம் அதுவன்று. இலையைத் தெளிவாக்கியதை நான் குறை கூறேன். மேகத்தைப் பற்றி என் மனம் இன்னும் உடன்படவில்லை.

பின்னாளில் நம் ஊர்களிலெல்லாம் ஸ்டூடியோக்கள் எழுந்தன. அங்கிருந்த கைவினைஞர் எதிர்ப்படத்தைப் பின்னிருந்து விளக்கொளி வருமாறு சாய்வுப் பலகையில் வைத்து, கூர்மையான பென்சிலால் நுண்ணிய புள்ளிகள் இட்டு அம்மைத் தழும்பை மறைப்பர். மெல்லிய கத்தியால் சுரண்டி வேண்டாத ஒளியைக் குறைப்பர். அச்சிட்ட படத்தில் சேலைக்கு வண்ணமும் நகைக்குப் பொன்னிறமும் ஏற்றுவர். வாழ்நாளில் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்ளாத கணவனையும் மனைவியையும், அவர்கள் மறைந்த பிறகு வெவ்வேறு படங்களினின்றும் எடுத்து அருகருகே அமர்த்திய படங்கள் இன்றும் பல இல்லங்களில் உள்ளன. இத்தகைய பழைய ஸ்டூடியோப் படங்களைப் பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு தமிழ்நாட்டில் திரட்டி, கணினியில் பதிவு செய்து காத்துள்ளது.

அன்று கைவினைஞர் பல்லாண்டு பயின்று செய்த பணியை இன்று வீட்டிலிருந்தே மாணவரும் செய்ய இயலும். படத்தைக் கணினிக்குள் கொண்டு செல்லும் வழியை 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அறிஞர் ரஸ்ஸல் கிர்ஷ் காட்டினார். அவர் முதன்முதலில் பதிவு செய்தது அரசர் படமும் அன்று, ஆலயப் படமும் அன்று. பிறந்து மூன்று திங்களே ஆன தம் மகனின் படம். குறுக்கே 176, நெடுக்கே 176 எனக் கட்டங்களாக அதனைப் பகுத்தார். எல்லாம் சேர்ந்து 30,976 புள்ளிகள். இன்றைய ஸ்கேனர் ஓர் அங்குலத்தை 600 புள்ளிகளாகப் பகுக்க வல்லது. ஆறு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் உள்ள படத்தில் 3,600-ஐ 2,400-ஆல் பெருக்க, 86,40,000 புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் ஓர் எண்ணாக எழுதப்படுகின்றது. முழு இருளுக்கு 0. முழு வெண்மைக்கு 255. வண்ணப் பதிவாயின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றுக்கும் மூன்று எண்கள். இவ்வெண்களை மாற்றுவதே கணினியில் படத்தைச் செப்பனிடுதல். வேறு மாயம் யாதும் இல்லை.

இதற்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பல உள. கிம்ப் என்னும் மென்பொருளை விலையின்றியே பெறலாம். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் மாணவர் இருவர் 1995-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி அது. ஸ்கேனர் இல்லாதவர் கைப்பேசியாலும் படத்தை நகல் எடுக்கலாம். சன்னலருகே நேர்வெயில் படாத இடத்தில் படத்தைக் கிடத்தி, கைப்பேசியைச் சாயாமல் அதற்கு நேர்மேலே பிடித்தால் போதும். எடுத்த முதற் பதிவைத் தொடாமல் ஒருபுறம் வைத்துவிட்டு, அதன் படி ஒன்றிலேயே வேலையைத் தொடங்குதல் வேண்டும். இதனை எழுதி மேசைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளினும் தகும்.

முதலில் வெளிறிய படத்துக்கு உயிரூட்டும் முறையைக் காண்போம். முத்துச் சலாபம் நடந்த நாள்களில், எடுத்த முத்துகளை அளவுவாரியாகப் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகளைக் கையாண்டனர். முதலாவதில் 20 துளைகள். பத்தாவதில் 1,000 துளைகள். துளைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அவற்றின் வாய் சிறுக்கும். பெருமுத்து முதற் சல்லடையிலேயே தங்கும். சிறுமுத்து இறங்கிக்கொண்டே போகும். கணினியும் இவ்வாறே 86 லட்சம் புள்ளிகளையும் ஒளியின் அளவுப்படி 256 குவியல்களாகப் பிரித்து, அவற்றை ஒரு மலைத்தொடர் போல வரைந்து காட்டுகின்றது. நல்ல படத்தில் மலைத்தொடர் இருளின் முனை முதல் ஒளியின் முனை வரை பரந்து கிடக்கும். வெளிறிய படத்திலோ எல்லாம் நடுவில் குவிந்திருக்கும். மிகக் கரிய புள்ளியின் எண் 70, மிக வெளிய புள்ளியின் எண் 200 என்று கொள்வோம். 70-ஐ 0 ஆக்கி, 200-ஐ 255 ஆக்குமாறு இரு முனைகளிலும் உள்ள குறிகளைச் சுட்டியால் நகர்த்தினால், இடைப்பட்ட எண்கள் எல்லாம் அவற்றுக்கேற்ப விரியும். நடுவிலுள்ள 135 ஏறத்தாழ 128 ஆகும். மங்கிக் கிடந்த முகம் பளிச்சென்று தெளிவதைக் கண்டு வியப்பீர்கள். அவ்வியப்பில் மேலும் மேலும் இழுத்துவிட்டால் வேட்டியின் மடிப்பும் கூந்தலில் சூடிய மல்லிகையின் இதழ்களும் வெறும் வெள்ளையாகிவிடும். மடிப்பு மறையத் தொடங்கும் இடத்தில் கையை நிறுத்துக.

அடுத்து, கறை. வெள்ளநீர் கொணர்ந்த சேற்றுக்கறையும், பழைய பசையின் கறையும் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்புமாகவே இருக்கும். கறுப்பு வெள்ளைப் படமாயினும் அதனை வண்ணப் பதிவாகவே எடுக்க வேண்டும் என்று வல்லுநர் கூறுவர். காரணம் கேளுங்கள். மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்கும். சிவப்பு ஒளியை விழுங்காது. ஆகவே பதிவின் நீலப் பகுதியை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் கறை கன்னங்கரேலென்று தோன்றும். சிவப்புப் பகுதியை மட்டும் பார்த்தால் கறை ஏறத்தாழ மறைந்தேவிடும். வெள்ளித் துகள்களோ மூன்று ஒளிகளையும் ஒரே அளவாகத் தடுப்பவை. ஆதலால் உருவம் எப்பகுதியிலும் குறையாமல் நிற்கும். அச்சிவப்புப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கிவிடின், கையால் ஒரு புள்ளியும் தீட்டாமலே கறை அகல்கின்றது. சேற்றுநீரின் அடியில் கிடக்கும் முத்துச்சிப்பி, நீர் தெளிந்ததும் தோன்றுவது போன்றது இது. நாம் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. உள்ளதை மறைத்ததை விலக்கினோம்.

கீறலுக்கும் மடிப்புக்கும் இம்முறை உதவாது. அங்கே வெள்ளியே உரிந்து போயிற்று. தூத்துக்குடிக் கடற்கரையில் மாலை வேளையில் வலை சீர்செய்யும் மீனவரைப் பாருங்கள். அறுந்த இடத்தைச் சுற்றியுள்ள கண்களின் அளவைப் பார்த்து, அதே அளவில் நூலை முடிந்து இடைவெளியை நிரப்புவர். கிம்ப் மென்பொருளில் இத்தகைய கருவிகள் இரண்டு உள்ளன. ஒன்று, நாம் காட்டும் நல்ல இடத்தை அப்படியே எடுத்துக் கீறலின்மேல் பதிப்பது. மற்றொன்று, நல்ல இடத்தின் இழைகளை எடுத்து, கீறலைச் சூழ்ந்த இடத்தின் ஒளிக்கும் நிறத்துக்கும் ஏற்ப இசைத்துப் பதிப்பது. புண் ஆற்றுவது போன்ற செயலாதலின் ஆங்கிலத்தில் இதற்கு அப்பொருள்படும் பெயரே இட்டுள்ளனர். சுவர், வானம், மணல், கன்னம் போன்ற இடங்களுக்குப் பின்னதும், கட்டிடத்தின் விளிம்பு, சேலையின் கரை போன்ற இடங்களுக்கு முன்னதும் பொருந்தும். தூரிகையின் அளவு கீறலைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். நல்ல இடத்தை அடிக்கடி மாற்றிக் காட்டுக. ஒரே இடத்தையே எடுத்து எடுத்து ஒட்டினால், அச்சடித்த சீலை போல ஒரே உரு வரிசையாகத் தோன்றி வேலையைக் காட்டிக்கொடுக்கும்.

இனி, வலைக்கும் படத்துக்கும் உள்ள வேற்றுமையை எண்ண வேண்டும். வலையின் ஒரு கண் மற்றொரு கண்ணைப் போன்றதே. மணலின் ஒரு பகுதியும் மற்றொரு பகுதியும் அவ்வாறே. மனிதரின் முகம் அத்தகையதன்று. இடக்கண் இருக்க வலக்கண் அழிந்து போனால், இடக்கண்ணைப் புரட்டி வைத்து வலக்கண்ணாக்குவார் உளர். பார்ப்பதற்கு அது முகமாகவே தோன்றும். ஆனால் எவருக்கும் இரு கண்ணும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதைக் கண்ணாடி பார்ப்போர் அறிவர்.

இங்கே எனக்கு ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வருகின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்தார். பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஒன்றில் சிதைந்த சொல்லை மற்றொன்றின் துணையால் திருத்தினார். எந்தச் சுவடியிலும் கிடைக்காத இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். 267, 268 என்னும் எண்ணுடைய பாட்டுகள் கிடைக்கவே இல்லை. இன்றுவரை அவ்வெண்கள் வெற்றிடமாகவே உள்ளன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கருக்கு விடுபட்ட ஓரடியை இயற்றும் ஆற்றல் இல்லாமலா போயிற்று? இயற்றியிருந்தால் நாம் இன்று படிப்பது எது சங்கப் புலவர் சொல், எது பதிப்பாசிரியர் சொல் என்று பிரித்தறிய வழியே இராது. தூசி படிந்த எழுத்து வேறு, செல் அரித்த எழுத்து வேறு. தூசியைத் துடைக்கலாம், அரித்ததை நிரப்புவதற்கு மற்றொரு சுவடி வேண்டும்.

என் இல்லத்தில் 1961-ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. தூத்துக்குடியில் இறுதியாக முத்துச் சலாபம் நடந்த ஆண்டு அது. கணக்கெழுதச் சென்ற என் தந்தையாரும், முத்துக்குளிப்போர் இருவரும் தோணியின் அருகே நிற்கின்றனர். வெள்ளத்தில் நனைந்த அப்படத்தை என் பேர்த்தி கணினியில் இட்டுப் பல மாலைப்பொழுதுகள் முயன்றாள். மஞ்சட்கறை சிவப்புப் பகுதியால் நீங்கிற்று. மணலிலும் தோணியிலும் இருந்த கீறல்களைத் தூரிகையால் நிரப்பினாள். தந்தையாரின் தோளில் கிடந்த துண்டின் கரை கூடத் தெளிந்தது. வலக்கோடியில் நிற்பவரின் முகத்தில் மட்டும் ஜெலட்டின் முற்றும் உரிந்து வெள்ளைத்தாள் தெரிந்தது. கழுத்தும், மார்பும், இடுப்பிற் கட்டிய துணியும் உள, முகம் இல்லை.

"தாத்தா, இப்போதுள்ள செயற்கை நுண்ணறிவு இம்முகத்தையும் வரைந்து தருமாம். வரையச் சொல்லட்டுமா?" என்றாள் அவள்.

"யாருடைய முகத்தை வரையும்?" என்றேன்.

சிறிது நேரம் எண்ணியவள், அக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை எனக்கு விளக்கினாள். கோடிக்கணக்கான முகங்களைக் கண்டு பயின்ற பொறி, இவ்விடத்தில் எத்தகைய முகம் இருக்கக்கூடும் என்று கணித்து வரையுமாம். இருக்கக்கூடிய முகம் அது. இருந்த முகம் அன்று. அவர் யார் என்று சொல்லக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் இன்று எவரும் இல்லை. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் இக்கடற்கரையில் எங்கோ இருக்கக்கூடும். அவர்கள் வீட்டுச் சுவரில் அவருடைய படம் ஒன்று தொங்கவும் கூடும். அது கிடைக்கும் நாளில் அதுவே நாம் ஒப்புநோக்கும் மற்றொரு சுவடியாகும். அதுவரை அவ்விடம் வெள்ளையாகவே இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தோம். சுற்றியுள்ள வானத்தின் நிறத்தை மட்டும் அவ்வெள்ளையின்மேல் மெல்லப் பரப்பலாமா என்று அவள் கேட்டதற்கும் நான் இசையவில்லை. தலையில்லாத மனிதனாக அவரைக் காட்டுவது அதனினும் கொடிது.

இத்தகைய பணி பெரிய அளவில் நடந்த நாடு ஜப்பான். 2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை ஊர்களை வாரிச் சென்றபின், இடிபாடுகளிடையே சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கி எடுத்தனர், கழுவி உலர்த்தினர், உரியவர் வந்து தேடிக்கொள்ளுமாறு மண்டபங்களில் வரிசையாக அடுக்கி வைத்தனர். யமமோட்டோ என்னும் ஒரு சிற்றூர்ப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 7,50,000 படங்கள் திரட்டப்பெற்றன. நியூயார்க்கில் படம் செப்பனிடுதலையே தொழிலாகக் கொண்ட பெக்கி மேன்சன் என்னும் பெண்மணி அங்குத் தொண்டு செய்யச் சென்று, சிதைந்த படங்களை இணையத்தின் வழியாகப் பல நாட்டுத் தொழிலறிஞருக்கு அனுப்பிச் செப்பனிடச் செய்தார். வீடும் உறவும் இழந்தோர் பிழைக்கும் வழி தேட வேண்டிய வேளையில் படத்தைத் தேடினார்களா என்று வியக்க வேண்டா. மறைந்த குழந்தையின் படம் ஒன்றேனும் கிடைக்குமா என்று பெற்றோர் தேடுவது எந்நாட்டிலும் ஒன்றுதான்.

வேலை முடிந்தபின் கோப்பைச் சேமிக்கும் முறையிலும் கருத்து வேண்டும். ஜேபெக் என்னும் வடிவில் சேமிக்கும்போது கோப்பின் அளவைக் குறைக்க நுண்விவரங்கள் சில கைவிடப்படுகின்றன. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு பெருகும். ஆகவே வேலை நடக்கும்வரை கிம்ப் மென்பொருளின் சொந்த வடிவிலும், முடிந்தபின் இழப்பில்லாத பி.என்.ஜி. வடிவிலும் வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் படி ஒன்றை எடுக்கலாம். முதற் பதிவு ஒன்று, செப்பனிட்டது ஒன்று என இரண்டையும் வெவ்வேறு இடங்களில் காத்தல் வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு படிகள் இருப்பின் வெள்ளம் இரண்டையும் கொண்டு போகும். செப்பனிட்ட படத்தோடு எந்தெந்த இடத்தில் கை வைத்தோம் என்பதையும் இரண்டு வரியில் எழுதி வைக்க வேண்டும்.

மூலப்படத்தை எறிந்துவிடுதல் கூடாது. அமிலமில்லாத தாளுறையில் இட்டு, தரையினின்றும் உயரமான அலமாரியில், வெளிச்சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். படத்திலுள்ளோரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, படத்தின் பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பேனா வேண்டா, ஈரம் பட்டால் மை மறுபுறம் ஊறி முகத்திலேயே புதிய கறையாகும்.